தைராய்டு புற்றுநோயின் ஸ்டேஜை வயது எப்படி மாற்றுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவை சிகிச்சை முடிந்து, எடுத்த திசுவைப் பரிசோதித்து எழுதும் பெத்தாலஜி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலர் தேடுவது ஸ்டேஜ் எண்ணைத்தான். தைராய்டு புற்றுநோயில் அந்த எண் கட்டியை மட்டும் பார்த்து வருவதில்லை, பிறந்த தேதியையும் பார்த்துத்தான் வருகிறது. கழுத்தில் பரவியிருந்தும் ஸ்டேஜ் 1 என்று ஒருவருக்கும், அவரைவிடக் குறைவாகப் பரவியவருக்கு ஸ்டேஜ் 2 என்றும் ரிப்போர்ட் வருவது இதனால்தான். இதைச் சுற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

ஸ்டேஜ் என்றால் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதுதானே? அதில் வயதுக்கு என்ன வேலை?

பெரும்பாலான புற்றுநோய்களில் நீங்கள் சொல்வதுதான் கணக்கு. மார்பகமோ குடலோ நுரையீரலோ, நோயாளிக்கு 30 வயதா 70 வயதா என்று ஸ்டேஜ் அட்டவணை கேட்பதில்லை. தைராய்டில் மிக அதிகமாக வரும் பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளில் மட்டும் கேட்கிறது. இந்த வகைகளில் நோயால் உயிருக்கு ஆபத்து உண்டா என்று கணிக்க, வயது அளவுக்கு உதவுகிற தகவல்கள் மிகக் குறைவு. 25 வயதில் கழுத்து நிணநீர் முடிச்சுகள் பலவற்றில் நோய் இருந்தும், சிகிச்சைக்குப் பிறகு பல பத்தாண்டுகள் நன்றாக வாழ்பவர்கள் ஏராளம். அதே அளவு பரவல் 75 வயதில் தெரிந்தால் மருத்துவர் இன்னும் கவனமாகப் பேசுவார். பரவலை மட்டும் வைத்து எழுதினால் இருவருக்கும் ஒரே எண்தான் வரும், அதை வைத்துக்கொண்டு எதையும் கணிக்க முடியாது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பாதிக் குழப்பம் இதில் தீர்ந்துவிடும். ஸ்டேஜ் எண் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் வைத்திருக்கிறது: இந்த நோயால் உயிர் போகும் வாய்ப்பு எவ்வளவு? நோய் திரும்பி வருமா, ரேடியோ அயோடின் (மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின்) தேவையா, எத்தனை வருடம் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த எண்ணிடம் கேட்டால் தப்பான பதில்தான் கிடைக்கும்.

இப்போது எந்த வயதில் கோடு போட்டிருக்கிறார்கள்?

55. உலகெங்கும் பெரும்பாலும் பயன்படுவது டிஎன்எம் முறை. டி என்பது கட்டியின் அளவும் அது சுற்றுப்புறத்தில் எவ்வளவு ஊடுருவியிருக்கிறது என்பதும். என் என்பது நிணநீர் முடிச்சுகள். எம் என்பது நுரையீரல், எலும்பு போன்ற தொலைதூர உறுப்புகளுக்குப் பரவியது. இந்த முறையின் 8-ஆம் பதிப்பு 2016-இல் வெளியானது. அமெரிக்காவில் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோடு 45-இல் இருந்தது.

55 வயது நிறைந்திருந்தால் மூத்த பிரிவு. 54 வயதும் சில மாதங்களும் என்றால் இளைய பிரிவு.

55-க்குக் கீழே இருப்பவர்களுக்கு ஸ்டேஜ் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இதைவிட எளிதான அட்டவணை புற்றுநோய் மருத்துவத்தில் இருக்காது. தொலைதூர உறுப்புகளுக்குப் பரவவில்லை என்றால் ஸ்டேஜ் 1. பரவியிருந்தால் ஸ்டேஜ் 2. அவ்வளவுதான், 3-ம் 4-ம் கிடையவே கிடையாது. கட்டி அரை சென்டிமீட்டரா ஆறு சென்டிமீட்டரா, கழுத்தின் இரு பக்கமும் நெறிக்கட்டிகள் இருக்கின்றனவா, மூச்சுக்குழாயைத் தொட்டிருக்கிறதா என்பதெல்லாம் இந்தப் பிரிவில் எண்ணை மாற்றாது.

55-ம் அதற்கு மேலும் என்றால்?

இங்கேதான் டி, என், எம் மூன்றும் உண்மையாக வேலை செய்கின்றன. கட்டி 4 சென்டிமீட்டருக்குள், தைராய்டுக்குள்ளேயே இருந்து, நிணநீர் முடிச்சுகளில் நோய் இல்லையென்றால் ஸ்டேஜ் 1. அதே கட்டியோடு முடிச்சுகளிலும் நோய் இருந்தால் ஸ்டேஜ் 2. கட்டி 4 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, தைராய்டுக்கு முன்னால் பட்டையாக ஓடும் கழுத்துத் தசைகளில் கண்ணுக்குத் தெரியும் அளவு புகுந்திருந்தாலோ, முடிச்சுகள் எப்படி இருந்தாலும் ஸ்டேஜ் 2.

குரல்வளை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குரல் நாண்களை இயக்கும் நரம்பு போன்றவற்றில் ஊடுருவியிருந்தால் ஸ்டேஜ் 3. முதுகெலும்புக்கு முன்னால் உள்ள சவ்வில் ஊடுருவினாலோ, கழுத்தின் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றி வளைத்திருந்தாலோ ஸ்டேஜ் 4ஏ. நுரையீரல், எலும்பு போன்ற இடங்களுக்குப் போயிருந்தால் ஸ்டேஜ் 4பி.

மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரிகிற சின்ன ஊடுருவலை 8-ஆம் பதிப்பு கணக்கில் எடுப்பதில்லை. அறுவை செய்யும்போது கண்ணுக்குத் தெரிந்ததா என்பதே கேள்வி. முந்தைய பதிப்பில் அந்த நுண்ணிய ஊடுருவலே கட்டியை டி3, அதாவது டி-யின் மூன்றாம் படி, ஆக்கிவிடும், 45 தாண்டியவர்களை அது நேராக ஸ்டேஜ் 3-க்குத் தள்ளும். பலரை வீணாகப் பயமுறுத்திய விதி அது, போனது நல்லதுதான்.

எனக்கு 38 வயது. 11 நிணநீர் முடிச்சுகளில் நோய் இருந்தது, ஆனால் ஸ்டேஜ் 1 என்கிறார்கள். ரிப்போர்ட்டில் தவறு இருக்குமா?

தவறில்லை, விதி அப்படித்தான். நோயே இல்லை, கவலையே வேண்டாம் என்றும் அதற்குப் பொருளில்லை. 8-ஆம் பதிப்பின்படி ஸ்டேஜ் 1-இல் இருப்பவர்களில் 98 முதல் 100 சதவீதம் பேர் 10 ஆண்டுகளில் இந்த நோயால் இறப்பதில்லை. ஸ்டேஜ் 2-இல் அது 85 முதல் 95, ஸ்டேஜ் 3-இல் 60 முதல் 70, ஸ்டேஜ் 4-இல் 50-க்கும் கீழே. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 1 இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது.

ஆனால் கழுத்தில் நோய் திரும்பி வருமா என்பது தனிக் கணக்கு. அதற்கு மருத்துவர்கள் வேறொரு பட்டியலைப் பார்க்கிறார்கள்: எத்தனை முடிச்சுகள், அவற்றில் நோய் எவ்வளவு பெரியது, முடிச்சின் உறையைத் தாண்டியதா, கட்டி எந்த நுண்வகை, ரத்தக் குழாய்களில் புகுந்ததா, முழுவதும் எடுக்கப்பட்டதா. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஐந்து முடிச்சுகளுக்கு மேல் நோய் இருந்தால் அது இடைநிலை ஆபத்து என்று வகுத்தார்கள். வயது அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆக, நீங்கள் ஒரே சமயத்தில் ஸ்டேஜ் 1-லும் இடைநிலை ஆபத்திலும் இருக்கலாம், இரண்டும் சரியே. ஸ்டேஜ் 1-தானே என்று தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் மட்டும் சுரக்கும் புரதம்) ரத்தப் பரிசோதனையையும் கழுத்து அல்ட்ராசவுண்டையும் தள்ளிப்போடுவதுதான் இதில் நான் பயப்படும் விஷயம்.

45-ஐ ஏன் 55 ஆக்கினார்கள்?

பழைய கோட்டுக்கு மேலே இருந்தவர்களில் பலர் அங்கே இருக்க வேண்டியவர்களே இல்லை என்பதால். 45 முதல் 54 வரை உள்ளவர்கள் இளையவர்களைப் போலத்தான் நன்றாக இருந்தார்கள், ஆனால் ரிப்போர்ட்டில் ஸ்டேஜ் 3, 4 என்று சுமந்துகொண்டிருந்தார்கள். 10 மருத்துவ நிறுவனங்களைச் சேர்ந்த 9,484 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், கோட்டை 55-க்கு நகர்த்தியபோது 12 சதவீதம் பேரின் ஸ்டேஜ் குறைந்தது. அப்படிக் குறைந்த பிறகும் ஸ்டேஜ் 1-இல் இருப்பவர்களின் 10 ஆண்டுக் கணக்கு ஏறத்தாழ மாறவில்லை. மேல் ஸ்டேஜ்களில் உண்மையிலேயே ஆபத்து உள்ளவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

கோடு ஒருபோதும் கல்வெட்டாக இருந்ததில்லை. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான ஏஎம்இஎஸ் என்ற முறை ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 என்று வைத்திருந்தது.

2015-இல் 48 வயதில் எனக்கு ஸ்டேஜ் 4ஏ என்று எழுதினார்கள். இப்போதைய விதிப்படி என்ன?

அந்த ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்ப்போம். கட்டி 1.5 சென்டிமீட்டர், கழுத்தின் பக்கவாட்டு முடிச்சுகளில் நோய், தொலைதூரப் பரவல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 7-ஆம் பதிப்பில் 45 தாண்டியவருக்குப் பக்கவாட்டு முடிச்சு என்றாலே 4ஏ. 8-ஆம் பதிப்பில் நீங்கள் 55-க்குக் கீழே, எம் இல்லை, எனவே ஸ்டேஜ் 1. அதே உடம்பு, அதே கட்டி, நாலில் இருந்து ஒன்று.

பழைய ரிப்போர்ட்டை யாரும் திருத்தி அச்சடிக்க மாட்டார்கள், அந்தந்தக் காலப் பதிப்பின்படி எழுதியது அப்படியே இருக்கும். ஆனால் இன்றைக்கு உங்கள் நிலைமையைப் புரிந்துகொள்ளப் புதிய கணக்கே பொருத்தம். உங்கள் மருத்துவரிடம், "8-ஆம் பதிப்பில் பார்த்தால் நான் எங்கே வருவேன்?" என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலை அது. பல வருடமாக "நாலாவது ஸ்டேஜ்" என்ற சொல்லோடு தூங்கி எழுந்தவருக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய விஷயம்.

எந்த வயதை எடுத்துக்கொள்கிறார்கள்? இன்றைய வயதா, கண்டுபிடித்தபோது இருந்ததா?

நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது இருந்த வயது. 52-இல் தெரிந்தது என்றால் 60 வயதிலும் உங்கள் ஸ்டேஜ் அதேதான். 55-ஆவது பிறந்தநாளன்று யாருக்கும் ஸ்டேஜ் ஏறுவதில்லை.

அப்படியானால் 54 வயது 11 மாதம் இருக்கும்போதே பயாப்ஸி செய்துவிட்டால் நல்லதா?

சிரிப்பு வருகிற கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் நிஜமாகவே கேட்கிறார்கள். எண் குறையும், நோய் குறையாது. அக்கா தங்கை இருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: இருவருக்கும் 2.5 சென்டிமீட்டர் பாப்பில்லரி கட்டி, இருவருக்கும் பக்கவாட்டு முடிச்சுகளில் நோய். தங்கைக்கு 54, ஸ்டேஜ் 1. அக்காவுக்கு 56, ஸ்டேஜ் 2. நுரையீரலிலும் இருந்திருந்தால் தங்கைக்கு ஸ்டேஜ் 2, அக்காவுக்கு 4பி. இந்த இரண்டு வருடத்தில் உடம்பில் அப்படியொரு பெரிய மாற்றம் நடந்துவிடாது. எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டியிருந்தது, போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவர்கள் எண்ணை அவ்வளவு கறாராக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோடே இல்லாமல் வயதைக் கணக்கில் எடுக்க வழி இல்லையா?

இருக்கிறது. பெரிய எண்ணிக்கையில் நோயாளிகளைப் பார்த்த ஆய்வுகள், ஆபத்து ஒரு குறிப்பிட்ட பிறந்தநாளில் குதிப்பதில்லை, வயதோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்றே காட்டுகின்றன. இதற்கு ஏற்ற பழைய முறை ஒன்று மேயோ கிளினிக்கில் 1993-இல் உருவானது, பெயர் மேசிஸ். பாப்பில்லரி வகைக்கு மட்டும்தான். வயது 39-ம் அதற்குக் கீழும் என்றால் 3.1 புள்ளி. 40-ம் அதற்கு மேலும் என்றால் வயதை 0.08-ஆல் பெருக்க வேண்டும். கட்டியின் சென்டிமீட்டர் அளவை 0.3-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். கட்டியை முழுவதும் எடுக்க முடியவில்லை என்றால் 1, சுற்றுப்புறத்தில் ஊடுருவியிருந்தால் 1, தொலைதூரப் பரவல் இருந்தால் 3.

3 சென்டிமீட்டர் கட்டி, முழுவதும் எடுத்தாயிற்று, வேறு சிக்கல் இல்லை. 35 வயதுக்காரருக்கு 3.1 உடன் 0.9, மொத்தம் 4. அதே கட்டி 70 வயதுக்காரருக்கு 5.6 உடன் 0.9, மொத்தம் 6.5. மேயோவின் கணக்கில் 6-க்குக் கீழே இருந்தவர்களில் 99 சதவீதம் பேர் 20 ஆண்டுகளில் இந்த நோயால் இறக்கவில்லை. 6 முதல் 6.99 வரை இருந்தவர்களில் அது 89 சதவீதம். 8-ஐத் தொட்டவர்களிலும் தாண்டியவர்களிலும் 24 சதவீதம் மட்டுமே. 35-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை இந்தக் கூட்டல் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. 55 என்ற கோட்டைவிட இது நேர்மையான முறை என்பது என் அபிப்பிராயம். ஆனால் உலகம் முழுக்கப் பதிவேடுகள் ஒரே மொழியில் பேச டிஎன்எம் தேவைப்படுகிறது, அதையும் மறுக்க முடியாது.

டிஎன்எம்மிலேயே இன்னும் ஒரு நெருடல் இருக்கிறது. தொலைதூரப் பரவலோடு வரும் 50 வயதுக்காரரும் 20 வயதுக்காரரும் இப்போது ஒரே ஸ்டேஜ் 2. இருவருக்கும் நோய் போகும் போக்கு ஒன்றில்லை என்பது இந்த நோயைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் தெரியும்.

வயது ஏறினால் ஏன் இந்த நோய் முரட்டுத்தனமாகிறது?

ஒரே காரணம் என்று எதையும் கை காட்ட முடியாது, பல சேர்ந்து வருகின்றன. முதலாவது அயோடின். தைராய்டு செல்லுக்கு அயோடினை உறிஞ்சுவதுதான் வேலை. புற்றுநோயான பிறகும் அந்தப் பழக்கம் மிச்சமிருந்தால் ரேடியோ அயோடினை உள்ளே இழுத்துத் தானே அழியும். இளையவர்களின் நோய்க்கட்டிகளில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் இருக்கிறது. வயதானவர்களுடைய கட்டிகள் அதை இழந்திருப்பது அதிகம். நுரையீரலில் தூவினாற்போலச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பரவிய நோயோடு வரும் இளைஞர்கள் ரேடியோ அயோடினுக்குப் பிறகு பல்லாண்டுகள் இருப்பதன் ரகசியம் இதுதான். அதே நுரையீரல் நோய் 70 வயதில் அயோடினை ஏற்காமல் ஸ்கேனில் இருட்டாகவே நிற்கும். அப்போது வேறு மருந்துகளைத்தான் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது மரபணு மாற்றங்கள். செல்லைச் சாகவிடாமல் பிரியச் செய்யும் டெர்ட் மரபணுவின் முன்பகுதியில் வரும் மாற்றம் வயதானவர்களின் கட்டிகளில் அதிகம் தென்படுகிறது. அதோடு பிராஃப் என்ற மரபணுவில் வரும் வி600ஈ மாற்றமும் சேர்ந்துவிட்டால் நோய் வேகமாகப் போகும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தைகளிலும் இளையவர்களிலும் வேறு மாதிரி: ரெட் போன்ற மரபணுக்கள் இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும் மாற்றங்கள் அதிகம். இவை வேகமாகப் பரவும், ஆனால் சிகிச்சைக்கு நன்றாகப் பணியும்.

மூன்றாவது, உயரச் செல் வகை, சரியாக முதிராத செல் வகை என்று பெத்தாலஜியில் எழுதப்படும் கெட்ட நுண்வகைகள் மூத்த வயதில்தான் அதிகம் வருகின்றன. நோயை எதிர்க்கும் உடம்பின் சக்தி குறைவது, இதயம், நுரையீரல் என்று வேறு நோய்கள் இருப்பதால் சிகிச்சையை முழுமையாகக் கொடுக்க முடியாமல் போவது ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

அப்படியானால் சின்ன வயதில் வருவது எப்போதும் நல்லதுதானா?

மரணத்தைப் பொறுத்தவரை ஆம். ஆனால் ஓர் இடத்தில் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பாப்பில்லரி கட்டிகளை உடனே அறுக்காமல் அல்ட்ராசவுண்டில் கண்காணிக்கலாம் என்று ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனை 1993-இல் ஆரம்பித்தது. பல வருடம் பார்த்ததில், 40-க்குக் கீழே இருந்தவர்களின் கட்டிகள்தான் அதிகம் வளர்ந்தன, 60-ஐத் தாண்டியவர்களின் கட்டிகள் பெரும்பாலும் அப்படியே கிடந்தன. அதாவது முதியவரின் சின்னக் கட்டியைச் சும்மா விடுவதற்கு நியாயம் அதிகம், இளையவரின் கட்டியைக் கண் வைத்துப் பார்க்க வேண்டும். பெரிய கட்டியில் வயது சொல்லும் கதையும் சின்னக் கட்டியில் சொல்லும் கதையும் வேறு வேறு. இளையவரின் கட்டி வளர்ந்த பிறகு அறுவை செய்தாலும் பலன் நன்றாகவே இருக்கிறது என்பதையும் அதே கண்காணிப்பு காட்டியது.

இன்னொரு தலைகீழும் உண்டு. தைராய்டுக்குள்ளேயே முடிச்சு (நிணநீர் முடிச்சு அல்ல, தைராய்டில் வரும் கட்டி) வருவது வயதோடு கூடும், ஆனால் ஒரு முடிச்சு புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு வயதோடு குறையும். அப்படியே இருந்துவிட்டால் முதியவரிடம் அது முரடாக இருக்கும் வாய்ப்பு கூடும்.

குழந்தைகளுக்கு வந்தால்?

அட்டவணையில் அவர்களும் 55-க்குக் கீழே, எனவே ஸ்டேஜ் 1 அல்லது 2. இந்த எண் குழந்தைகளுக்குப் பெரிதாக உதவாது, ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லோரும் 1-இல் வந்துவிடுகிறார்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளில் கழுத்து முடிச்சுகளுக்கும் நுரையீரலுக்கும் நோய் போவது அதிகம். இருந்தும் உயிரிழப்பு மிக அரிது. அதனால்தான் 2015-இல் வந்த குழந்தைகளுக்கான தனி வழிகாட்டி, 18 வயது வரை உள்ளவர்களைக் குறைந்த, இடைநிலை, அதிக ஆபத்து என்று பிரிக்கிறது. அங்கே அளக்கப்படுவது, அறுவைக்குப் பிறகும் நோய் மிச்சமிருக்கும் வாய்ப்பு. குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர வேண்டியிருக்கும், பெற்றோர் மனத்தளவில் அதற்குத் தயாராக வேண்டும்.

ஸ்டேஜ் ஏறினால் சிகிச்சையும் ஏறுமா?

நேரடியாக இல்லை. பாதித் தைராய்டை எடுப்பதா முழுவதையும் எடுப்பதா, ரேடியோ அயோடின் கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பதை மேலே சொன்ன திரும்பி வரும் ஆபத்துப் பட்டியலும், அறுவைக்குப் பிறகான தைரோகுளோபுலின் அளவும், ஸ்கேனும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும். 30 வயது ஸ்டேஜ் 1 நோயாளி ரேடியோ அயோடின் வாங்குவதும், 60 வயது ஸ்டேஜ் 1 நோயாளி அறுவையோடு நிறுத்திக்கொள்வதும் சகஜம்.

வயது சிகிச்சையில் நேராகத் தலையிடும் இடம் மாத்திரை. தைராய்டு ஹார்மோன் மாத்திரையைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அளவை அமுக்கி வைப்பது வழக்கம், அந்த டிஎஸ்எச் மிச்சமிருக்கும் நோய் செல்களை வளர்க்கக்கூடும் என்பதால். இளையவர் இதைத் தாங்குவார். முதியவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். நோயின் ஆபத்து குறைவாக இருக்கும் 70 வயதுக்காரருக்கு டிஎஸ்எச்சை ஆழமாக அமுக்கி வைத்திருந்தால், அது இன்னும் தேவையா என்று கேட்பது நியாயமான கேள்வி. மாத்திரையின் அளவை நீங்களாகக் குறைக்க மட்டும் வேண்டாம்.

எல்லாத் தைராய்டு புற்றுநோய்க்கும் இந்த வயது விதி உண்டா?

இல்லை. மெடுல்லரி வகையில் வயது ஸ்டேஜில் வராது, 20 வயதானாலும் 80 வயதானாலும் ஒரே அட்டவணை. பக்கவாட்டு முடிச்சுகளில் நோய் என்றால் அங்கே 4ஏ தான். அந்த வகையில் பரம்பரையாக ரெட் மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் வயதுக்கு வேறொரு வேலை இருக்கிறது: எந்த மாற்றம் என்பதைப் பொறுத்து, நோய் வருவதற்கு முன்பே குழந்தையின் தைராய்டை எந்த வயதில் எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். மிக ஆபத்தான மாற்றம் என்றால் முதல் பிறந்தநாளுக்குள்ளேயே எடுக்கச் சொல்வார்கள்.

அனாபிளாஸ்டிக் வகை எந்த வயதில் வந்தாலும் ஸ்டேஜ் 4. பெரும்பாலும் 60 தாண்டியவர்களுக்கு வரும், மிக வேகமாக வளரும். ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டேஜை அல்ல, வகையை.

ஆணா பெண்ணா என்பது ஸ்டேஜை மாற்றுமா?

மாற்றாது. பெண்களுக்கு வருவது ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம், ஆனால் அட்டவணை இருவருக்கும் ஒன்றே.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ரிப்போர்ட்டில் எதையெல்லாம் தேடி வைத்துக்கொள்ளட்டும்?

வகையின் பெயர், நுண்வகை எழுதியிருந்தால் அதுவும். கட்டியின் அளவு. தைராய்டைத் தாண்டியதா, தாண்டியது என்றால் கண்ணுக்குத் தெரியும் அளவிலா, மைக்ரோஸ்கோப்பில் மட்டுமா என்பது. பரிசோதித்த முடிச்சுகள் எத்தனை, அவற்றில் நோய் இருந்தவை எத்தனை, அவற்றில் பெரியது எவ்வளவு என்பது. வெட்டிய ஓரங்களில் நோய் இருக்கிறதா என்பது. ஸ்டேஜ் எழுதியிருந்தால் பக்கத்திலேயே எந்தப் பதிப்பு என்று பாருங்கள். சில ரிப்போர்ட்டுகளில் டி, என் மட்டும் இருக்கும், ஸ்டேஜ் இருக்காது. தொலைதூரப் பரவல் பெத்தாலஜி நிபுணருக்குத் தெரிய வழியில்லை என்பதால் அது இயல்பே. நோய் கண்டுபிடிக்கப்பட்ட தேதியும் உங்கள் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 54-ஐ 56 என்று தட்டச்சு செய்துவிட்டால், இந்தப் புற்றுநோயில் ஸ்டேஜே மாறிவிடலாம்.